அந்தக் கேள்வி என்னுடையது, குரல் மட்டும் டீச்சருடையது

அனுப்புநர்
மொ. மாரிக்கண்ணன் (வயது 53),
த/பெ மொக்கையன், மானாவாரி விவசாயி,
மேலத்தெரு, செங்கண்மாய்பட்டி,
எம்.ரெட்டியபட்டி வழி, திருச்சுழி வட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டார அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் நலத் திட்டம்,
செங்கண்மாய் வட்டாரம்.

பொருள்: அங்கன்வாடிப் பணியாளர் திருமதி ஆ. முத்துலட்சுமி அவர்கள் அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசியதாக அனுப்பப்பட்ட குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோருதல் – எதிர்த்துப் பேசியவன் நானே எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் குறிப்பாணை.
2. அலைபேசிகளில் உலவும் காணொளித் துண்டு.
3. அந்தத் துண்டில் இல்லாத மீதிப் பேச்சு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை எழுதுகிறவன் குறிப்பாணை பெற்றவருக்கு உறவினன் அல்ல, அவருடைய கட்சிக்காரனும் அல்ல. மேடையில் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன். இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் நமக்கு வேண்டாம் என்று எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கல் பட்டிமன்றத்தில் பேசியவன் நான். வேண்டும் என்று பேசியவர் முத்துலட்சுமி. ஆனால் வேண்டாம் என்று பேசியது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருப்பது முத்துலட்சுமிக்கு. எனக்கு ஒரு தபால் அட்டைகூட வரவில்லை. இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று தெரிந்தால் தாங்கள் யார் மீதும் கோபப்பட மாட்டீர்கள் என்று நம்பி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. முதலில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த விவகாரத்தில் ஒன்றும் விளங்காது. அதற்கு ‘வாய் மாத்து’ என்று பெயர். கண்மாய் மடையை யார் வயலுக்கு முதலில் திறப்பது என்று தகராறு வந்தால், தன் குறையைச் சொல்ல வருகிறவர் முதலில் எதிராளியின் குறையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். ‘அவுக இப்படிச் சொல்றாக’ என்று ஒட்டாமல் சொன்னால் செல்லாது. ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். எதிராளியின் பயிர் வாடியதைத் தன் பயிர் வாடியதாகவே சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் கேட்டு, மனம் நிறைந்து, ‘ஆமா’ என்று சொன்ன பிறகுதான் தன் கட்சியைப் பேச வாய் திறக்கலாம். ‘ஆமா’ வரவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் தகப்பனார் மொக்கையன் ஊரில் நிலபுலத்தோடு வாழ்ந்தவர். நாலு பேர் அவரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுவார்கள். அப்படிப்பட்டவர், கருவேல விறகில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஆண்டிச்சாமியிடம் ஒரு ‘ஆமா’ வாங்குவதற்காக ஒரு மத்தியானம் முழுக்கத் தொண்டை வறளப் பேசியிருக்கிறார். மேலத்தெரு, கீழத்தெரு என்ற கணக்கெல்லாம் எங்கள் ஊரில் வேறு எங்கே செல்லுபடியானாலும் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் செல்லாது. அந்த ஆண்டிச்சாமியின் மகள்தான் முத்துலட்சுமி. எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்தை நடத்துகிறவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான்.

மதுரையிலிருந்து பேச்சாளர்களைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு ஊர்க்காரர்களே பட்டிமன்றம் பேசத் தொடங்கியபோது இந்த வழக்கம் மேடைக்கும் ஏறிவிட்டது. முதலில் பேசுகிறவருக்கு மட்டும் விலக்கு, அவருக்கு முன் எதிராளி பேசியிருக்க மாட்டார் அல்லவா.

2. அந்த வழக்கப்படி, என் குறையைச் சொல்வதற்கு முன் தங்கள் பக்கத்தைச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். பொறுத்தருளிக் கேட்க வேண்டும்.

“நான் ஓர் அலுவலர். என் மேசைக்கு ஒரு புகார் வருகிறது. கூடவே ஒரு காணொளி வருகிறது. அரசு சம்பளம் வாங்கும் ஒரு பெண், மைக்கைப் பிடித்துக்கொண்டு, நாடு செய்த ஒப்பந்தத்தை வேண்டாம் என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. எல்லாக் கட்சிக்காரர்களின் பிள்ளைகளும் அவரிடம்தான் சத்துமாவு சாப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று பேச்சு வந்தால் மையத்துக்குத்தான் கெட்ட பெயர். நான் சும்மா இருந்தால் எனக்கு மேலே உள்ளவர்கள் என்னைக் கேட்பார்கள். நான் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. விளக்கம்தானே கேட்டேன்? விசாரணை முடியும்வரை மையத்துக்கு வர வேண்டாம் என்றுதானே சொன்னேன்? அவர் பதிலாக இரண்டே வாக்கியம் எழுதி அனுப்புகிறார், அதிலும் ஒரு வருத்தம் இல்லை. இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?”

தங்கள் பக்கம் இதுதான் என்றால், மனதுக்குள்ளேயே ஓர் ‘ஆமா’ சொல்லிக்கொள்ளும்படி வேண்டுகிறேன். எங்கேயாவது குறைத்துச் சொல்லியிருந்தால் மனுவைத் திருப்பி அனுப்புங்கள், திருத்தி எழுதித் தருகிறேன். ‘ஆமா’ கிடைத்துவிட்டது என்ற தைரியத்தில் மேற்கொண்டு எழுதுகிறேன்.

3. இந்த ஆண்டுத் தலைப்பு ‘அணு ஒப்பந்தம் வரமா, வம்பா’ என்பது. போன ஆண்டு ‘வீட்டுக்கு விளக்கு மகனா, மகளா’ என்று பேசினோம். அதிலிருந்து இதற்கு எப்படித் தாவினோம் என்று தாங்கள் கேட்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன்படி உலைகள் வருமா, வந்து ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. அந்தப் பொறுப்பைப் பற்றிய சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள் என்று இந்த வருடம் செய்தி வந்ததும், பருத்திக்கு என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்த எங்கள் டீக்கடை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒருவர் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். இதை மேடையில் வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் மாவு மில் நடத்தும் சுந்தராம்பாள் அம்மாள். அவரே நடுவராகவும் உட்கார்ந்தார். கரண்டு போனால் முதலில் நிற்பது அவருடைய மில்தான் என்பதால் அவர் ஒப்பந்தத்துக்குச் சாய்வார் என்று நான் ஆட்சேபித்தேன். “ஏப்பா, கரண்டு போனா எனக்கு மில்லு நிக்கும், ஒனக்கு வீட்டுத் தண்ணி மோட்டார் நிக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே நட்டம்தான். பேசாம ஒக்காரு” என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

வேண்டாம் என்ற கட்சிக்கு நான் நின்றேன். பத்திரிகையில் படித்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு என்றேன். எரிபொருளுக்கு அயலார் கையை எதிர்பார்த்து நிற்பது, ஒவ்வொரு வருடமும் பருத்தி விதைக்குக் கம்பெனி வாசலில் நிற்பது மாதிரி ஆகிவிடாதா என்றேன். கழிவை எங்கே புதைப்பது என்றேன். என் மனைவி ஈஸ்வரி, “மோசமில்ல” என்றாள். அந்தப் பேச்சுக்குக் கிடைத்த மொத்தப் பாராட்டும் அதுதான்.

4. அடுத்து முத்துலட்சுமி எழுந்தார். தன் கட்சியைப் பேசுவதற்கு முன் வழக்கப்படி என் கட்சியைச் சொல்ல வேண்டும். ஐயா, அந்தப் பேச்சை நான் இங்கே அப்படியே எழுதுகிறேன். தங்களிடம் உள்ள காணொளித் துண்டில் இருப்பது இதுதான். மனப்பாடம் செய்யவில்லை, அதுவாகவே மனதில் நின்றுவிட்டது.

“இந்த ஒப்பந்தம் வேண்டாங்கேன். ஏன் வேண்டாங்கேன்? நம்ம ஊர்ல கரிமூட்டம் பாக்காத ஆளு கெடையாது. வெறக அடுக்கி, மண்ணப் பூசி, உள்ள தீய வச்சுட்டா அது எரியுறதே வெளிய தெரியாது. ஆனா ஒரு ஓட்ட விழுந்துச்சுன்னா அம்புட்டும் சாம்பலு. அதுக்குத்தான் மூட்டத்துக்குப் பக்கத்துலயே ஆளு காவக் கெடக்கும். ஓட்ட விழுந்தா ஓடிப்போயி மண்ண அள்ளி அப்பும். ஏன் ஓடுது? மூட்டம் அவுகளுது, நட்டமும் அவுகளுது. இப்ப வரப்போறது எங்கயோ இருக்கிறவுக செஞ்சு குடுக்குற மூட்டம். அதுல ஓட்ட விழுந்தா ஓடி வாரது யாரு? வித்தவுகளா, வாங்குனவுகளா, பக்கத்துல குடியிருக்கிறவுகளா? கேட்டா, அதப் பெறகு பேசிக்கிருவோம்ங்காக. லாபத்தப் பங்கு வைக்க ரெண்டு நாடு வருது, சாம்பல அள்ள நாம மட்டுந்தானா?”

உடனே எழுந்த கைதட்டலில் பந்தல் துணியே அசைந்தது. என் கட்சிக்காரர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். நான் பேசியபோது அவர்களுக்கு விசில் அடிக்கத் தோன்றவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பொறாமை வந்ததா என்றால், வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனதில் இருந்த பயம் இன்னதென்று எனக்கே அதுவரை தெளிவாகத் தெரியாது. கரிமூட்டம் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர் தன் வீட்டிலிருந்து எடுத்து என் கட்சிக்குக் கொடுத்தது. எதிராளியை ஜெயிக்க வந்தவர், இருப்பதிலேயே நல்ல ஆயுதத்தை எதிராளியின் கையில் முதலில் தானே எடுத்துக் கொடுப்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சட்டமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அங்கேயும் பார்த்ததில்லை.

பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “சரியாச் சொன்னேனாண்ணே?” என்று கேட்டார். நான் மைக்கை வாங்கி, “ஆமா டீச்சர், ஆமா” என்றேன். ஒரு ‘ஆமா’ போதும். எனக்கு இரண்டு வந்தது.

அதற்குப் பிறகு அவர் தன் கட்சியைப் பேசினார். ஒப்பந்தம் ஏன் வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, விசில் அடித்த என் ஆட்களில் பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்து நான் அவர் கட்சிக்கு வாய் மாத்துச் செய்து, அவரிடம் ‘ஆமா’ வாங்கி, பதில் சொல்ல வேண்டிய முறை. எழுந்து தொண்டையைச் செருமினேன். கரண்டு போய்விட்டது. எனக்கு எதிராக மின்சாரமே சாட்சி சொன்னதாகக் கூட்டத்தில் ஒருவர் கத்தினார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். கரண்டு வருகிற மாதிரி தெரியாததால், மீதியைச் சித்திரைப் பௌர்ணமியன்று வைத்துக்கொள்ளலாம் என்று சுந்தராம்பாள் அம்மாள் ஒத்திவைத்தார்.

5. இனி காணொளிக்கு வருகிறேன். அதை எடுத்தவர் மணிகண்டன் என்பவர். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை, அருப்புக்கோட்டை டவுனில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் ஆகி முதல் பங்குனிப் பொங்கலுக்கு வந்திருந்தார். வாய் மாத்து என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டோம். அவர் மனம் உருகி, முழுப் பேச்சிலும் உச்சமான இடத்தை மட்டும் வெட்டி, ‘எங்க மாமியார் ஊரு டீச்சர் வெளுத்து வாங்கிட்டாங்க’ என்று எழுதிப் போட்டுவிட்டார். பெருமைக்காகப் போட்டதுதான், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. என் ‘ஆமா’ தொடங்குவதற்கு முன்பே அவர் வெட்டிய இடம் முடிந்துவிடுகிறது.

அது பாலவனத்தம் போய், விருதுநகர் போய், எங்கெங்கோ சுற்றி, எவரோ ஒருவரின் கையெழுத்தில்லாத புகாராகத் தங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது. விவரம் தெரிந்ததும் மணிகண்டன் அழாத குறைதான். அவரே முழுக் காணொளியையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். இத்துடன் இணைத்துள்ளேன். கடைசியில் வரும் இருட்டுக்கும் சிரிப்புச் சத்தத்துக்கும் மன்னிக்கவும், அது கரண்டு போன பகுதி.

6. இதைப் படிக்கும்போது, ‘அப்படியானால் முத்துலட்சுமி இதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே’ என்று தங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குறிப்பாணை வந்த சேதி தெரிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் பாண்டிராஜ் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே, ஒரு வரி எழுதுனா முடிஞ்சு போச்சு. மாட்டேங்கிறா” என்றார். அந்த வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருகிற வருமானம் டீச்சருடைய சம்பளம் ஒன்றுதான். ஆட்டோவுக்கு லோனும் ஓடுகிறது. அவர் குரலில் இருந்த பயத்தைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நான் டீச்சரிடம் சொன்னேன்: “நீங்க ஒப்பந்தத்துக்கு ஆதரவாப் பேசுன ஆளு. எதிர்த்துப் பேசுனது நான்தான்னு எழுதிருங்க. பொய்யில்லையே?”

அவர் சொன்னார்: “பொய்யில்லண்ணே. ஆனா, நான் ஆதரிச்ச ஆளு, அதனால என்னைய விட்டுருங்கன்னு எழுதுனா என்ன அர்த்தம்? எதிர்த்திருந்தா தண்டிச்சது சரிதான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும்ல. நாளைக்கு எதுத்துப் பேசுற டீச்சர் ஒருத்தி என்ன சொல்லித் தப்பிப்பா? நீங்க என்ன சொல்லித் தப்பிப்பீக?”

“எனக்கு என்ன, நான் விவசாயி. என் பருத்திச் செடிக்கா மெமோ குடுப்பாக?” என்றேன். சிரித்தார். ஆனால் மனம் மாறவில்லை.

“அடுத்த வருசம் மேடையேறுறவுக, எதிராளி பேச்ச மனசாரச் சொன்னா மாட்டிக்கிருவோம்னு பயந்து மென்னு முழுங்குவாக. அப்படி ஒரு வாய் மாத்து எதுக்குண்ணே? நம்ம அப்பாமாரு மடையில நின்னு பேசுனதெல்லாம் அதோட போச்சு” என்றார்.

வந்த வழியே திரும்பி நடந்தேன். பாண்டிராஜ் ஆட்டோவில் கொண்டுவிடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நடந்தபடியே யோசிக்க வேண்டியிருந்தது. எத்தனையோ பேரை மேடையில் பார்த்திருக்கிறேன், சத்தம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அழ வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தனக்கு உடன்பாடில்லாத ஒரு கருத்தைச் சொன்னதற்காகத் தன் வேலையே ஆட்டம் காணும்போது, அந்தக் கருத்துக்காரனைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அவரை எதிர்த்துப் பேசக் கிடைத்தது எனக்குப் பெருமை ஐயா. இதை அவரிடம் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

அவர் தங்களுக்கு அனுப்பிய பதிலில் இருந்த இரண்டு வாக்கியங்கள், ‘அப்படிப் பேசியது உண்மை. சரியாகப் பேசினேன் என்று எதிராளி ஏற்றுக்கொண்டார்’ என்பவை. அந்த எதிராளி நான்தான் என்று இப்போது தாங்கள் அறிவீர்கள். அவர் எழுத மறுத்ததை அவருக்குச் சொல்லாமல் நான் எழுதவில்லை. “உங்க பேர்ல நீங்க எழுதுனா அது உங்க இஷ்டம். எனக்குச் சலுகை கேட்டு மட்டும் எழுதாதீக” என்றார். கேட்கவில்லை.

7. அவரை நிறுத்திவைத்திருப்பதால் மையம் எப்படி இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிக்கையில் பார்ப்பீர்கள். உதவியாளர் கருத்தம்மாள் தன்னால் ஆனதைச் செய்கிறார். சமைப்பது, பிள்ளைகளைப் பிடிப்பது எல்லாம் அவர் ஒருவரே. பாட்டுச் சொல்லிக் கொடுக்க மட்டும் ஆளில்லை. பிள்ளைகள் காலையில் டீச்சர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறார்கள். அவர் வெளியே வந்து, மையத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிவைக்கிறார். தன்னைப் போக வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குப் பிள்ளைகளைத் தாமே அனுப்புகிறார். இதைப் பற்றி மேற்கொண்டு எழுதினால் நான் சலுகை கேட்டதாகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

8. அவர் உண்மையில் எந்தக் கட்சி பேசினார் என்பதைத் தாங்கள் பென் டிரைவில் கேட்கலாம். ஆனாலும் சித்திரைப் பௌர்ணமியன்று நான் செய்ய வேண்டிய வாய் மாத்தை இங்கேயே ஒருமுறை செய்து பார்க்கிறேன். ஒப்பந்தம் வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறவன் கையால் எழுதப்படுகிறது இது.

“இந்த ஒப்பந்தம் வேண்டும் என்கிறேன் நான். மானாவாரி மண்ணில் பிறந்தவள். வானத்தை நம்பிப் பிழைப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஐப்பசி மழை ஏமாற்றினால் அந்த வருடம் முழுக்க ஏமாற்றம்தான். வெயிலில் கரண்டு எடுக்கிறார்கள், காற்றில் எடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் வெயில் சாயங்காலம் போய்விடும், ஆடிக் காற்று ஆடியோடு அடங்கிவிடும். நம் பயிர் வானத்தைப் பார்த்து நிற்பது போதாதா? விளக்கும் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டுமா?

இன்னொன்று. உலக நாடுகள் நமக்கு அணு எரிபொருள் விற்க மாட்டோம் என்று தள்ளிவைத்த காலம் ஒன்று இருந்தது. தள்ளிவைக்கப்படுவது என்றால் என்னவென்று கீழத்தெருவில் கேட்டால் சொல்வார்கள். எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசும் நிலைமைக்கு வந்த பிறகு, பேச மாட்டேன் என்று எழுந்து போவதில் கௌரவம் இல்லை. உட்கார்ந்து, அழுத்திப் பேசி, வேண்டியதை வாங்க வேண்டும். விபத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தைக் கிழிப்பதில் பதில் கிடைக்காது. பதிலை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுத வைக்க வேண்டும். ஓட்டை விழுமே என்று என் அப்பா மூட்டம் போடாமல் இருந்ததில்லை. பக்கத்தில் ஆளைக் காவல் போட்டார். அதனால்தான் நான் படித்தேன்.”

ஐயா, இதை எழுதி முடித்தபோது எனக்கே என் கட்சி மீது கொஞ்சம் சந்தேகம் வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று எண்ணி, அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். ‘ஆமா’வுக்காகக் காத்திருந்தேன்.

“நல்லாத்தான் சொன்னீக. ஆனா ஆமா சொல்ல முடியாதுண்ணே” என்றார்.

“எதை விட்டுட்டேன்?” என்று கேட்டேன்.

“என் பயத்த விட்டுட்டீக. வேணும்னு சொல்றவளுக்குப் பயமே இருக்காதுன்னு நெனச்சுட்டீகளா? உங்க பக்கத்த நான் எப்படி அம்புட்டுச் சரியாச் சொன்னேன்? எனக்கும் அதே பயம் இருக்குண்ணே. இருந்தும் வேணுங்கேன். அதையும் சேத்துச் சொல்லுங்க, அப்பத் தாரேன் ஆமா” என்றார்.

மேடையில் ஒரே மாதிரி பயத்தோடுதான் இருவரும் உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பயத்திலிருந்து அவர் ஒரு முடிவுக்கும் நான் ஒரு முடிவுக்கும் போயிருக்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. பத்திரிகையில் இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துக்கொள்வதைப் படித்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஆகவே என் வாய் மாத்து இன்னும் முடியவில்லை. அதை நான் பௌர்ணமியன்று ஊருக்கு முன்னால் முடித்தாக வேண்டும். ‘ஆமா’ கொடுக்க வேண்டியவர் மேடையில் இல்லாவிட்டால் நான் யாரிடம் வாங்குவது? எதிர்ப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் நான் ஜெயித்ததாக ஊர் சொல்லும். தங்கள் குறிப்பாணையால் வருகிற அந்த ஜெயம் எனக்கு வேண்டாம் ஐயா.

9. எனவே நான் தங்களிடம் வேண்டுவது:

குறிப்பாணையைத் திரும்பப் பெற்று அவரை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒப்பந்தத்தை ஆதரிப்பவர் என்ற காரணத்துக்காகச் செய்ய வேண்டாம், அதை அவரே ஏற்க மாட்டார். எதிராளியின் பேச்சை எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி நேர்மையாகச் சொன்னார் என்ற காரணத்துக்காகச் செய்யுங்கள். அந்த நேர்மையை அவரிடம் மூன்று வயதுப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதில் அரசுக்கு நட்டம் எதுவும் இல்லை.

விளக்கம் யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்று விதி இருந்தால் என்னிடம் கேளுங்கள். ‘சாம்பல அள்ள நாம மட்டுந்தானா’ என்பது என் கேள்வி. அதை நான் இவ்வளவு அழகாகக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் என் குறை. முகவரி மேலே இருக்கிறது. பருத்தி எடுக்கிற நேரம் தவிர மற்றபடி வீட்டில்தான் இருப்பேன்.

சித்திரைப் பௌர்ணமியன்று வெயில் தாழ்ந்ததும் பட்டிமன்றம் தொடங்கும். தாங்களும் வர வேண்டும். முன்வரிசையில் நாற்காலி போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஜெனரேட்டருக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது.

கடைசியாக ஒன்று. இந்த மனுவின் இரண்டாம் பத்தியில் தங்கள் பக்கத்தை ‘நான்’ என்று சொல்லி எழுதினேன். அது சரி என்று தாங்கள் மனதுக்குள் ‘ஆமா’ சொல்லியிருந்தால், எங்கள் ஊர் வழக்கப்படி அடுத்த முறை தங்களுடையது. எந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முத்துலட்சுமியின் பக்கத்தை ஒரே ஒருமுறை ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். யாரும் கேட்க வேண்டாம். அவர் இருந்து கேட்டால் ‘ஆமா’ சொல்வார் என்று தங்களுக்குத் தோன்றும்வரை சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு தாங்கள் போடுகிற உத்தரவு எதுவாக இருந்தாலும் செங்கண்மாய்பட்டி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இடம்: செங்கண்மாய்பட்டி
நாள்: 28.04.2025

தங்கள் ‘ஆமா’வுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மொ. மாரிக்கண்ணன்,
வேண்டாம் கட்சி

இணைப்பு: பென் டிரைவ் ஒன்று – முழுப் பேச்சு, என் இரண்டு ‘ஆமா’க்களுடன்.